மலையில் ஒரு வரி



செஞ்சிக் கோட்டையை நேரில் பார்க்காவிட்டாலும் படத்திலாவது கண்டிருப்பீர்கள். அதே வட்டாரத்தில் தொண்டூர் என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே ஒரு குன்றில் சமண முனிவர்கள் தங்கிய இடமும், பாறையில் வெட்டப்பட்ட கற்படுக்கைகளும் இருக்கின்றன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு சுமார் கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்த இருப்பிடத்தை அமைத்த மோசி என்பவரின் பெயரை அது நமக்குச் சொல்கிறது. மலையோ பெரிது, அதில் எழுதியிருப்பதோ சிறிய ஒரு வரி.

கல்வெட்டு ஆய்வாளர் அதை எப்படிப் படிக்கிறார்? எழுத்துள்ள இடத்தை மட்டும் தூய்மை செய்கிறார். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டுகிறார். தாள் எழுத்தின் பள்ளங்களில் பதிந்ததும் மேலே மை ஒற்றிப் படி எடுக்கிறார். மலை முழுவதையும் அவர் படி எடுப்பதில்லை. எடுத்தால் வாழ்நாள் போதாது. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது அல்லவா? தாளை எந்த இடத்தில் ஒட்டுவது? தாளின் விளிம்புக்கு அப்பால் ஓர் எழுத்து இருந்துவிட்டால் என்ன ஆகும்?

இதே கேள்வி இன்று மரபணு ஆய்வுக்கூடங்களில் ஒவ்வொரு நாளும் எழுகிறது. அங்கே அதன் விடையைப் பொறுத்து ஒரு நோயாளிக்குத் தரும் மருந்தே மாறிவிடக்கூடும். இக்கட்டுரையில் அதைத்தான் காணப் போகிறோம்.

சளியில் எத்தனை எழுத்து?

நமக்குப் பழக்கமான ஒரு நோயையே எடுத்துக்கொள்வோம். காசநோய் ஆய்வில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளியை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம், சானடோரியத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டாயமில்லை என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அம்மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

ஆனால் நோய் இன்னும் ஒழியவில்லை. உலக நல நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023இல் உலகில் புதிதாகக் காசநோய் கண்டவர்களில் சுமார் 26 விழுக்காட்டினர் இந்தியர்கள். சில கிருமிகள் ரிஃபாம்பிசின் போன்ற முதன்மையான மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் மாறிவிட்டன. எந்த நோயாளியின் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை முதலிலேயே அறிந்தால்தான் சரியான மருந்தைத் தர முடியும்.

கிருமியின் டி.என்.ஏ.வில் அந்தச் செய்தி எழுதப்பட்டிருக்கிறது. அடினைன், தைமின், குவனைன், சைட்டோசின் என்னும் நான்கு காரங்களையும் நான்கு எழுத்துகள் என்று கொள்வோம். காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வில் சுமார் 44 லட்சம் எழுத்துகள் உள்ளன. இந்த வரிசை முழுவதும் 1998இல் வெளியிடப்பட்டது. மருந்துக்குக் கட்டுப்படாமையைக் காட்டும் பகுதிகளை ஒன்றுசேர்த்தால், கணக்குக்காக 20,000 எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம்.

சிக்கல் இதுதான். நோயாளியின் சளியில் கிருமி தனியாக இருப்பதில்லை. மனித உயிரணுக்களோடு கலந்திருக்கிறது. ஒரு மனித உயிரணுவில் 620 கோடி எழுத்துகள் உள்ளன. ஒரு மனித உயிரணுவுக்கு ஒரு கிருமி என்று வைத்துக்கொண்டால்கூட, சளியிலுள்ள டி.என்.ஏ.வில் ஏறக்குறைய 1,400 எழுத்துக்கு ஓர் எழுத்துதான் கிருமியுடையது. அந்த 44 லட்சத்திலும் நமக்கு வேண்டியது 220இல் ஒரு பங்கு. ஆக, 1,400 × 220. அதாவது ஏறக்குறைய மூன்று லட்சத்தில் ஓர் எழுத்து!

டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் படிக்கும் கருவி ஒன்று 150 எழுத்துகள் கொண்ட பத்து லட்சம் துண்டுகளைப் படிக்கிறது எனக் கொள்ளுங்கள். அவற்றில் நமக்கு வேண்டிய துண்டுகள் எத்தனை? மூன்றே மூன்று! மற்றவை எல்லாம் நாம் கேட்காத செய்தி. வானொலியில் இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரல் கேட்பது போன்ற நிலை இது.

ஆகவே படிக்கும் முன்பே வேண்டிய துண்டுகளின் பங்கை உயர்த்த வேண்டும். இதற்கு இலக்குச் செறிவூட்டல் என்று பெயர். யுரேனியத்தைப் பற்றிப் படிக்கும்போது செறிவூட்டல் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். இயற்கை யுரேனியத்தில் நிறை எண் 235 உடையது சுமார் 0.7 விழுக்காடே, அதன் பங்கை உயர்த்துவதே அங்கு வேலை. இங்கும் கருத்து அதுவே.

செறிவூட்டிய பின் பத்து லட்சம் துண்டுகளில் பாதி நமக்கு வேண்டியவை என்றால், 5 லட்சத்தை 150ஆல் பெருக்கி 20,000ஆல் வகுத்துப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக 3,750 முறை படிக்கப்படும். முன்பு ஒரு முறைகூடப் படிக்க முடியாத எழுத்து அது!

கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பெருக்கினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதுவும் ஒருவகைச் செறிவூட்டல்தான், கிருமியின் டி.என்.ஏ. முழுவதையும் படிக்க அது உதவுகிறது. ஆனால் காசநோய்க் கிருமி ஒரு முறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. வளர்ப்புக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நோயாளி காத்திருக்கலாமா? ஆகவே சளியிலிருந்தே நேராகப் படிக்கும் வழிகளைத் தேட வேண்டியதாயிற்று. அவற்றுள் முதன்மையானவை இரண்டு.

முதல் வழி: பெருக்குதல்

1983இல் கேரி முல்லிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டறிந்த பாலிமரேஸ் தொடர்வினை (பி.சி.ஆர்.) இவ்வழியின் அடிப்படை. இதற்காக 1993இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வேண்டிய பகுதியின் இரு முனைகளுக்கும் பொருந்தும் இரண்டு சிறு டி.என்.ஏ. துணுக்குகளைச் செய்துகொள்கிறார்கள். இவற்றுக்குப் பிரைமர் என்று பெயர். ஒவ்வொன்றும் சுமார் 20 எழுத்து நீளம். சூடேற்றினால் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரிகின்றன. ஆற விட்டால் பிரைமர்கள் தத்தம் இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பாலிமரேஸ் என்னும் நொதி அங்கிருந்து தொடங்கிப் புது இழையைப் பின்னுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் ஒன்று இரண்டாகும். அடுத்த சுற்றில் நான்காகும். 30 சுற்றுகளில் 2ஐ 30 முறை பெருக்கிய அளவு, அதாவது சுமார் 107 கோடி ஆகிவிடும். சில மணி நேர வேலைதான். சில கிருமிகளே இருந்தாலும் போதும். பிரைமர் ஒட்டாத மனித டி.என்.ஏ. பெருகாமல் அப்படியே நின்றுவிடும்.

இதன் குறைகளையும் பார்ப்போம். ஒரு பகுதி ஒவ்வொரு சுற்றிலும் 1.95 மடங்காகவும், மற்றொன்று 1.85 மடங்காகவும் பெருகுகின்றன என்று கொள்ளுங்கள். வேற்றுமை சிறிதுதான். ஆனால் 30 சுற்று முடிவில் முதலாவது இரண்டாவதைப் போல ஏறக்குறைய 5 மடங்கு ஆகிவிடும்! கூட்டு வட்டிக் கணக்கு இப்படித்தானே நம்மை ஏமாற்றுகிறது? காசநோய்க் கிருமியில் குவனைனும் சைட்டோசினும் சேர்ந்து சுமார் 65 விழுக்காடு உள்ளன. இவ்விரண்டையும் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள் இணைக்கின்றன. அடினைனையும் தைமினையும் இரண்டே இணைக்கின்றன. அதனால் குவனைன் மிகுந்த இடங்களில் இழைகள் எளிதில் பிரிவதில்லை. பெருக்கமும் சீராக நடப்பதில்லை.

இன்னொரு தொல்லை: நூற்றுக்கணக்கான பிரைமர்களை ஒரே குழாயில் போட்டால் அவை தம்முள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே படிக்க வேண்டிய பகுதிகள் கூடக்கூட இவ்வழி கடினமாகிறது.

இரண்டாம் வழி: தூண்டில் போடுதல்

இதில் இயற்பியலுக்கும் பங்கு இருப்பதால் எனக்குப் பிடித்த வழி இது. முதலில் டி.என்.ஏ. முழுவதையும் சிறு துண்டுகளாக்குகிறார்கள். வேண்டிய பகுதிக்கு இணையாக, சுமார் 120 எழுத்து நீளமுள்ள துணுக்குகளைத் தூண்டில்களாகச் செய்து கலக்கிறார்கள். ஒவ்வொரு தூண்டிலிலும் பயோட்டின் என்னும் வைட்டமின் ஒட்டப்பட்டிருக்கும். சுமார் 65 பாகை செல்சியசில் பல மணி நேரம் வைத்திருந்தால், தூண்டில்கள் தமக்குரிய துண்டுகளைத் தேடிப் பிணைந்துகொள்ளும்.

பிறகு ஸ்ட்ரெப்டாவிடின் என்னும் புரதம் பூசிய நுண்மணிகளைச் சேர்க்கிறார்கள். பயோட்டினைக் கண்டால் இப்புரதம் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். மணிகளுக்குள் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் இருக்கின்றன. குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் மணிகள் சுவரில் போய் ஒட்டும். வேண்டாதவற்றைக் கழுவி ஊற்றிவிடலாம். காந்தத்தை எடுத்தால் மணிகள் மீண்டும் நீரில் கலந்துவிடும். துகள்கள் மிக நுண்ணியவையாதலால் காந்தப்புலம் நீங்கியதும் அவற்றின் காந்தத் தன்மையும் நீங்கிவிடுகிறது. சாதாரண இரும்புத் தூள் போல இவை காந்தமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இம்முறையே நடவாது.

இவ்வழியில் ஆயிரக்கணக்கான தூண்டில்களை ஒரே குழாயில் போடலாம். மனிதனின் சுமார் 20,000 மரபணுக்களில் புரதத்தைக் குறிக்கும் பகுதிகள் அனைத்தையும், அதாவது ஏறக்குறைய 3 கோடி எழுத்துகளை, ஒரே தடவையில் பிடித்துவிட முடிகிறது. 120 எழுத்தில் இரண்டு மூன்று மாறியிருந்தாலும் தூண்டில் ஒட்டும். ஆனால் வேலை நீண்டது, செலவும் கூடுதல், தொடக்கத்தில் டி.என்.ஏ. அதிகம் வேண்டும். ஏறத்தாழ ஒரே மாதிரியான எழுத்து வரிசை உடைய வேறு துண்டுகளும் தூண்டிலில் சிக்கிவிடும்.

தாளின் விளிம்பு

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். எழுத்து தாளின் விளிம்பில் இருந்தால்?

பிரைமர் 20 எழுத்துதான். அது ஒட்ட வேண்டிய இடத்திலேயே மாற்றம் நேர்ந்தால், குறிப்பாகப் புது இழை தொடங்கும் முனையில் நேர்ந்தால், பெருக்கம் நின்றுவிடக்கூடும். இது வெறும் கற்பனை அன்று. கொரோனா வைரசின் சுமார் 30,000 எழுத்துகளையும் படிக்க, இந்தியா உட்படப் பல நாடுகளில் ஆர்ட்டிக் என்னும் பிரைமர்த் தொகுதி பயன்பட்டது. அதன் மூன்றாம் பதிப்பு வைரசை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும் 98 பகுதிகளாகப் பிரித்துப் பெருக்கியது. டெல்டா வகை வைரஸ் பரவியபோது 72ஆம் பகுதி பல மாதிரிகளில் பெருகவில்லை. அதன் பிரைமர் ஒட்டும் இடத்தில் வைரஸ் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டதே காரணம். 2021இல் பிரைமர்களை மாற்றி நான்காம் பதிப்பை வெளியிட வேண்டியதாயிற்று. சென்னையில் தமிழக அரசின் மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் திறக்கப்பட்டதும் அதே 2021இல்தான்.

இங்கே ஒரு நன்மை உண்டு. வைரஸில் ஒரு பகுதி பெருகாவிட்டால் அந்த இடம் வெற்றிடமாகத் தெரியும். "இங்கே படிக்கவில்லை" என்று ஆய்வாளர் அறிந்துகொள்வார். மனிதனிடம் நிலைமை வேறு. நம் மரபணுக்களில் பெரும்பாலானவை தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு படிகளாக வருகின்றன. தந்தை வழிப் படியில் பிரைமர் ஒட்டாமல் போனால் தாய் வழிப் படி மட்டும் பெருகும். வெற்றிடம் தெரியாது. நோய் தரும் மாற்றம் தந்தை வழிப் படியில் இருந்தால், "குறை ஏதும் இல்லை" என்ற தவறான முடிவு, பார்வைக்கு மிகச் சரியானதாகவே, தாளில் ஏறிவிடும். தெரிகிற தவறைவிடத் தெரியாத தவறே அஞ்சத்தக்கது.

தாளை எங்கே ஒட்டுகிறோம் என்பதும் முக்கியம். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாமையைத் தரும் மாற்றங்களில் சுமார் 95 விழுக்காடு, ஆர்.பி.ஓ.பி. என்னும் மரபணுவின் 81 எழுத்துகளுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே அந்த 81 எழுத்துகளை மட்டும் நோக்கும் விரைவுச் சோதனை ஒன்றை உலக நல நிறுவனம் 2010இல் பரிந்துரைத்தது. அது வரிசைப் படிப்பு அன்று. ஆனாலும் இடம் தேர்ந்து நோக்கும் முறையே. எத்தனையோ பேருக்கு அதனால் விரைவில் சரியான மருந்து கிடைத்தது. ஆனால் ஆப்பிரிக்காவில் அப்போது சுவாசிலாந்து என வழங்கிய எஸ்வாத்தினி நாட்டில், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளில் சுமார் 30 விழுக்காட்டில், மாற்றம் அந்த 81 எழுத்துக்கு வெளியே இருந்தது! 2015இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. சோதனை தன் வேலையைப் பிழையின்றிச் செய்தது. கேட்ட இடத்தில் மாற்றம் இல்லை என்றது. கேளாத இடத்தைப் பற்றி அது என்ன சொல்ல முடியும்?

பெடாகுவிலின் என்னும் புதிய மருந்தின் கதை இன்னும் வேறு. அதற்குக் கட்டுப்படாமையைத் தரும் மாற்றங்கள் ஒரு சிறு இடத்தில் குவிந்திருப்பதில்லை. ஒரு மரபணுவின் நீளம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அங்கே மரபணு முழுவதையுமே படித்தாக வேண்டும்.

எத்தனை முறை படித்தால் போதும்?

நோயாளியின் கிருமிகளில் நூற்றுக்குப் பத்து மட்டும் மாறியவை எனக் கொள்வோம். ஓர் இடத்தை 20 முறை படித்தால் சராசரியாக இரண்டு முறை மாற்றம் தெரியும். ஆனால் ஒரு முறைகூடத் தெரியாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 12. (0.9ஐ 20 முறை பெருக்கிப் பாருங்கள்.) 1,000 முறை படித்தால் சுமார் 100 முறை தெரியும், ஏற்ற இறக்கம் பெரும்பாலும் பத்துக்குள் அடங்கிவிடும். அப்போது ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. தொடக்கத்தில் சளியில் 20 கிருமிகளே இருந்தன. அவற்றைப் பெருக்கிப் பெருக்கி 1,000 முறை படித்தோம் என்றால், நாம் கேட்டது 1,000 சாட்சிகளை அல்ல. அதே 20 சாட்சிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டோம்! தூண்டில் வழியில் துண்டுகள் வெவ்வேறு இடங்களில் முறிந்திருப்பதால், இரு முனைகளையும் ஒப்பிட்டு நகல்களை அடையாளம் காணலாம். பெருக்கும் வழியிலோ எல்லாத் துண்டுகளும் பிரைமரிலேயே தொடங்கிப் பிரைமரிலேயே முடிகின்றன. எது மூலம், எது நகல் என்று அறிய, பெருக்கும் முன்பே ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு தனி அடையாளத் துணுக்கை ஒட்ட வேண்டியிருக்கும்.

எதைத் தேர்வது?

இரண்டில் எது சிறந்தது என்று கேட்பது, தராசு சிறந்ததா அளவுகோல் சிறந்ததா என்று கேட்பது போன்றது. முதலில் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. எவ்வளவு படிக்க வேண்டும்? சில ஆயிரம் எழுத்தா, கோடிக் கணக்கிலா?
2. கையிலுள்ள மாதிரி எவ்வளவு?
3. மாற்றம் எங்கே நேரும் என்று முன்னமே தெரியுமா?
4. எத்தனை பேருக்கு, எவ்வளவு விரைவில் விடை வேண்டும்?

காசநோய்க்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்போம். படிக்க வேண்டியது சிறிது. சளியில் கிருமியும் சிறிது. பெரும்பாலான மாற்றங்களின் இடங்கள் தெரியும். நோயாளிகளோ பலர், விடையும் விரைவில் வேண்டும். நான்கும் பெருக்கும் வழியையே காட்டுகின்றன அல்லவா? உலக நல நிறுவனம் 2024 மார்ச்சில், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயைக் கண்டறிய இலக்கு வரிசைப் படிப்பைப் பரிந்துரைத்தது. அப்போது ஏற்கப்பட்ட மூன்று சோதனைகளும் பெருக்கும் வழியைச் சேர்ந்தவையே.

இனி நீங்களே முடிவு செய்யுங்கள்.

(அ) ஒரு குடும்பத்தில் பீட்டா தாலசீமியா என்னும் இரத்தச் சோகை இருக்கிறது. அதற்குரிய மரபணுவின் நீளம் சுமார் 1,600 எழுத்து.

(ஆ) ஒரு சிறுவனுக்குப் பரம்பரையாக வரும் விழித்திரை நோய். 200க்கும் மேற்பட்ட மரபணுக்களில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம். இரத்தம் போதிய அளவு கிடைக்கும்.

(இ) ஒரே தெருவில் இருவருக்குக் காசநோய். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதா என்று காண இரு கிருமிகளின் 44 லட்சம் எழுத்துகளையும் ஒப்பிட வேண்டும்.

தாளில் எழுதிவிட்டுக் கீழே பாருங்கள்.

விடைகள்: (அ) பெருக்கும் வழி போதும், ஆனால் பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் சோதித்து ஒப்பிடுவது நல்லது. ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரியும். (ஆ) தூண்டில் வழி. (இ) அவசரமில்லை என்றால் கிருமியை வளர்த்து முழுவதும் படிக்கலாம். கிருமி வளரவில்லை என்றால், முழு நீளத்துக்கும் தூண்டில் போடலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒன்றை மறவாதீர்கள். முடிவுத் தாளில் "மாற்றம் இல்லை" என்று இருந்தால், "எந்த இடத்தில் பார்த்தீர்கள், எத்தனை முறை பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். "பார்த்தோம், இல்லை" என்பது ஒன்று. "பார்க்கவில்லை" என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் துன்பப்படுபவர் நோயாளிதான்.

அடுத்த விடுமுறையில் செஞ்சிக்குச் சென்றால் தொண்டூருக்கும் போய் வாருங்கள். மோசியின் பெயருள்ள வரியைப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள பாறையையும் ஒரு முறை பாருங்கள். எதுவும் எழுதவில்லை என்று சொல்லும் முன், அங்கெல்லாம் யாராவது தாளை ஒட்டிப் பார்த்தார்களா என்று எண்ணிப் பாருங்கள்.